அண்டை வீடே முதற் காவல்



கடந்த பள்ளி விடுமுறையின்போது நம் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் ஏற்பாடு செய்த ஒருநாள் கல்விச் சுற்றுலாவில், ஆறாம் ஆண்டு மாணவர்களும் பெற்றோர் சிலரும் நாமும் சிங்கப்பூர் சென்று வந்தோம். ஜோகூரில் உள்ள நம் தோட்டத்தை விட்டு விடியுமுன் புறப்பட்ட பேருந்து, கடற்பாலத்தைக் கடந்து, காலை பத்து மணியளவில் சிராங்கூன் சாலையை அடைந்தது. வீரமாகாளியம்மன் ஆலயத்தில் வழிபட்டோம். கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்தைக் கண்டோம். நண்பகலில் தேக்கா நிலையத்து உணவங்காடியில் உணவருந்த அமர்ந்தோம்.

அங்கே நிகழ்ந்த ஒரு சிறு செய்தியே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. நம் தாய்மார்களுள் ஒருவர், இடம் பிடிப்பதற்காகத் தம் கைப்பையை மேசைமேல் வைத்துவிட்டு உணவு வாங்கச் சென்றார். மேசை துடைத்துக்கொண்டிருந்த முதிய அம்மையார் ஒருவர் அதனைக் கண்டு, "அம்மா, பையை எடுத்துக்கிட்டுப் போங்க! இடம் பிடிக்க நாங்க கைத்தாள் பொட்டலத்தத்தான் வைப்போம், பணப்பையை வைக்கமாட்டோம்" என்று குரல் கொடுத்தார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் மாணவன் ஒருவன் சிரிக்கவில்லை. சுவரில் காவல்துறையினர் நான்கு மொழிகளில் ஒட்டியிருந்த எச்சரிக்கைத் தாளைக் காட்டி, "ஐயா, சிங்கப்பூரில் திருட்டே இல்லை என்று சொல்கிறார்களே, பிறகு ஏன் இத்தனை எச்சரிக்கை?" என்று வினவினான்.

நல்ல வினா. அதற்கு அன்று பேருந்தில் அரைகுறையாகச் சொன்ன விடையை, இம்மலரில் முறையாகச் சொல்ல முயல்கின்றோம்.

குறைந்த குற்றமும் குற்றமின்மையும்

சிங்கப்பூர் மிகப் பாதுகாப்பான நகரங்களுள் ஒன்று என்பது உண்மையே. நள்ளிரவில் ஒரு பெண் தனியே நடந்து வீடு திரும்ப இயலும் ஊர் அது. எனினும் அந்நாட்டுக் காவல்துறையினர் பல்லாண்டுகளாக மக்களுக்கு ஒன்றை ஓயாது நினைவூட்டி வருகின்றனர். குற்றம் குறைந்திருக்கின்றது என்பதற்குக் குற்றமே இல்லை என்பது பொருளன்று என்பதே அது.

இதனைக் கூர்ந்து நோக்குங்கள். காய்ச்சல் இல்லாத ஊரில் கொசுவலையை மடித்து வைத்துவிடுவோம். அப்பொழுதுதான் கொசு உள்ளே நுழையும். திருட்டு இல்லாத இடத்தில் கதவைத் தாழிட மறப்போம். அப்பொழுதுதான் திருடன் உள்ளே நுழைவான். பாதுகாப்பு என்பது ஒருமுறை பெற்றுப் பெட்டியிற் பூட்டி வைக்கும் பொருளன்று. அன்றாடம் வாசலைக் கூட்டுவதுபோல அன்றாடம் செய்ய வேண்டிய பணி அது.

கம்பத்திலிருந்து அடுக்குமாடிக்கு

இப்பாதுகாப்பு அந்நாட்டுக்கு எங்ஙனம் வந்தது? அவ்வரலாறு தோட்ட மக்களாகிய நமக்கு மிகவும் பொருந்துவதாகும்.

ஐம்பது, அறுபதுகளில் சிங்கப்பூர் மக்களிற் பெரும்பகுதியினர் கம்பங்களிலும் நெருக்கடியான பழைய கடைவீடுகளிலும் வாழ்ந்தனர். கம்பத்தில் அந்நியன் ஒருவன் கால் வைத்தால் நாய் குரைக்கும், திண்ணையில் இருக்கும் பாட்டி, "யாரைத் தேடுகிறாய்?" என்று கேட்பாள். அந்தக் கேள்வியே காவலாக இருந்தது. 1960ஆம் ஆண்டில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோற்றுவிக்கப்பட்டபின், மக்கள் படிப்படியாக அடுக்குமாடி வீடுகளுக்குக் குடியேற்றப்பட்டனர். எண்பதுகளின் நடுவில் பத்துப் பேரில் எட்டுப் பேர் அவ்வீடுகளில் வாழ்ந்தனர். குழாய்நீர் வந்தது, மின்விளக்கு வந்தது, கழிவறை வந்தது. ஆனால் ஒன்று போயிற்று. பழைய அண்டை வீட்டார் சிதறிப்போயினர். புதிய அண்டை வீட்டாரின் பெயர் தெரியவில்லை. எதிர்வீட்டுக் கதவை ஒருவன் நெம்பினாலும், அவன் பூட்டுப் பழுது பார்ப்பவனோ திருடனோ என்று அறிய வழியில்லை.

காவல்துறையும் அக்காலத்தில் மக்களைவிட்டு விலகியே நின்றது. பெரிய நிலையங்களில் இருந்துகொண்டு, அழைப்பு வந்தபின் வண்டியில் விரைந்து வருவதே அதன் முறை. விரைந்து வந்தார்கள், ஆனால் வந்தவர்க்கு மக்களைத் தெரியாது, மக்களுக்கு வந்தவரைத் தெரியாது.

இக்குறையை நீக்கச் சிங்கப்பூரார் சப்பான் நாட்டை நோக்கினர். அந்நாட்டில் 1874ஆம் ஆண்டு முதலே, தோக்கியோ நகரின் தெருமுனைகளிற் சிறு காவற் சாவடிகள் அமைந்து வந்தன. அவற்றைக் கோபன் என்பர். அங்குள்ள காவலர் அத்தெருவின் வீடுகளை அறிவார். வழி தெரியாதவர்க்கு வழி சொல்வார். தனித்து வாழும் முதியவரை நலம் விசாரிப்பார். அம்முறையைத் தழுவி, 1983ஆம் ஆண்டு சூன் மாதம் முதல் நாள், தோ பாயோ வட்டாரத்தின் கே போங்கில் சிங்கப்பூரின் முதல் அக்கம்பக்கக் காவல் சாவடி திறக்கப்பட்டது. பின்னர் இத்தகைய சாவடிகள் தீவெங்கும் பரவின. காவலர் நடந்தும் மிதிவண்டியிலும் சுற்றி வந்தனர். வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டி, தம்மை அறிமுகம் செய்துகொண்டு, பூட்டைப் பற்றியும் சாளரத்தைப் பற்றியும் அறிவுரை கூறினர்.

சாவடிக்குச் சற்று முன்னரே, 1981ஆம் ஆண்டில், தேசியக் குற்றத் தடுப்பு மன்றம் நிறுவப்பட்டது. அண்டை வீட்டார் சேர்ந்து ஒருவர் வீட்டை ஒருவர் கண்காணிக்கும் குழுக்களும் எண்பதுகளின் தொடக்கத்தில் உருவாயின. 1997இல், பல சாவடிகளை ஒருங்கிணைக்கும் பெரிய அக்கம்பக்கக் காவல் நிலையங்களுள் முதலாவது குவீன்ஸ்டவுனில் அமைந்தது. 2012 முதல் அடுக்குமாடிகளிலும் வண்டி நிறுத்துமிடங்களிலும் காவல்துறையின் கண்காணிப்புக் கருவிகள் பொருத்தப்பட்டன. நான்காண்டுகளில் அவை ஏறத்தாழ 10,000 கட்டடங்களை எட்டின.

மாணவர்களே, இவ்வரலாற்றின் சாரம் யாது? கருவி பின்னர் வந்தது. பழக்கமே முன்னர் வந்தது. கதவைத் தட்டி, "நான் இந்த வட்டாரத்துக் காவலர், உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டதுதான் தொடக்கம். கம்பத்துப் பாட்டியின் கேள்வியை அடுக்குமாடிக்கு மீட்டுக் கொணர்ந்த முயற்சியே அக்கம்பக்கக் காவல் என்க.

தேக்காவின் ஞாயிற்றுக்கிழமை

நாம் சென்ற தேக்கா வட்டாரத்திற்கே இப்பொழுது வருவோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவ்விடம் தமிழகத்திலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்து உழைக்கும் தொழிலாளர்களால் நிறைந்து வழியும். ஆறு நாள் கட்டடத்திலும் கப்பற்பட்டறையிலும் உழைத்தவர், ஏழாம் நாள் ஊருக்குப் பணம் அனுப்பவும், காய்கறி வாங்கவும், நண்பரைக் காணவும் அங்குக் கூடுகின்றனர்.

2013ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷியர் சாலையும் சந்திக்கும் இடத்தில், தமிழகத் தொழிலாளி ஒருவர் தனியார் பேருந்தின் அடியிற் சிக்கி உயிரிழந்தார். அதனையடுத்துக் கலவரம் மூண்டது. ஏறத்தாழ 300 பேர் அதில் ஈடுபட்டனர் என்று கணக்கிடப்பட்டது. காவல் வண்டிகளும் மருத்துவ வண்டியும்கூடத் தீக்கிரையாயின. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்நாடு காணாத நிகழ்ச்சி அது. விசாரணைக் குழு 2014இல் தன் அறிக்கையை அளித்தது. 2015இல் பொதுவிடங்களில் இரவு 10.30 மணி முதல் காலை 7 மணி வரை மதுவருந்துவதைத் தடுக்கும் சட்டம் நடப்புக்கு வந்தது.

கலவரம் செய்தது தவறே. அதில் இரு கருத்து இல்லை. ஆனால் ஆசிரியர் என்ற முறையில் நாம் இதில் வேறொன்றையும் காண்கின்றோம். காவலை அறியாத கூட்டமும், கூட்டத்தை அறியாத காவலும் நெருக்கடி வேளையில் ஒன்றையொன்று அஞ்சும். ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் இடத்திற் கல் எறியும் கை தயங்கும்.

வீட்டுக்கு வரும் கள்வன்

இனி, வீட்டுத் திருட்டைப் பற்றிச் சில சொற்கள். கன்னமிட்டுத் திருடுபவன் பெரும்பாலும் வீரன் அல்லன். அவன் எளிதான வீட்டையே தேடுகின்றான். யாரும் இல்லாத வீடு, வெளிச்சம் இல்லாத பின்புறம், பூட்டப்படாத சாளரம், பூந்தொட்டியின் கீழ் வைத்த சாவி, நான்கு நாளாக எடுக்கப்படாத கடிதங்கள் ஆகிய இவையே அவனுக்கு அழைப்பிதழ்.

அடுக்குமாடியில் வாழ்வோர் மரக்கதவை மட்டும் சாத்தாது, வெளியே உள்ள இரும்புக் கதவையும் பூட்டுதல் வேண்டும். தேக்காவிற் கூட்டத்தில் நடப்போர் பணப்பையை முன்புறம் வைத்துக்கொள்ளல் வேண்டும். நம் தோட்டத்தின் வரிசை வீடுகளிலோ நிலைமை சற்று வேறு. இங்குப் பின்கதவே பலவீனம். மேலும், நாம் வீட்டில் இல்லாத நாள் எது என்பது ஊருக்கே தெரியும். தீபாவளிக்கு முந்தைய நாள் எல்லாரும் பட்டணத்தில் இருப்போம். தைப்பூசத்தன்று பத்துமலையில் இருப்போம். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் கோவிலடியில் இருப்போம். நாம் கோவிலில் இருக்கும் நேரத்தைக் கள்வனும் அறிவான்.

ஆதலின் வெளியூர் செல்லும்போது பக்கத்து வீட்டாரிடம் சொல்லிச் செல்லுங்கள். முன்விளக்கை மாலையில் ஏற்றி வைக்கச் சொல்லுங்கள். திருவிழா நாளில் ஒவ்வொரு வரிசைக்கும் இருவர் முறை வைத்து வீட்டிலிருங்கள். நகையையும் ரொக்கத்தையும் அரிசிப் பானையிலும் தலையணை உறையிலும் ஒளித்து வைக்காதீர்கள். அவ்விடங்களைத்தான் கள்வன் முதலில் தேடுவான். பயணத்தின்போதே படங்களை முகநூலில் இடாதீர்கள், திரும்பிவந்தபின் இடுங்கள். மலேசியாவில் 1975ஆம் ஆண்டிலேயே ருக்குன் தெத்தாங்கா என்னும் அண்டையர் காவல் முறை சட்டப்படி ஏற்பட்டது. நம் தாத்தாமார் பலர் கைவிளக்கும் தடியும் ஏந்தி இரவுக் காவல் சென்றவர்களே. அம்முறை நமக்குப் புதிதன்று.

கைப்பேசிக்கு வரும் கள்வன்

ஆனால் இக்காலத்துக் கள்வன் பின்கதவுக்கு வருவதில்லை. கைப்பேசிக்கு வருகின்றான். சிங்கப்பூரின் கணக்குகளே இதனை விளக்கும்.

2024ஆம் ஆண்டில் அந்நாட்டிற் பதிவான மோசடிகள் 51,501. அவற்றால் மக்கள் இழந்த தொகை ஏறத்தாழ 110 கோடி சிங்கப்பூர் வெள்ளி. கணக்குப் பாடத்தில் வல்ல மாணவர்கள் இதனை வகுத்துப் பாருங்கள். நாள் ஒன்றுக்கு 140 பேர். நாள் ஒன்றுக்கு 30 லட்சம் வெள்ளி. அதே ஆண்டில் திருட்டு, அடிதடி முதலிய நேரடிக் குற்றங்கள் அனைத்தும் சேர்ந்தே ஏறத்தாழ 20,000தான். பூட்டும் கண்காணிப்புக் கருவியும் வீதிக் கள்வனைக் குறைத்தன. ஆனால் அவனைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் தொலைபேசிக் கள்வர் புகுந்துவிட்டனர். 2025ஆம் ஆண்டின் முதற்பாதியில் மோசடிகளின் எண்ணிக்கை ஏறக்குறையக் காற்பங்கு குறைந்தது என்பது ஆறுதலான செய்தி. எனினும் இழப்பு இன்னும் கோடிக்கணக்கில்தான் உள்ளது.

இம்மோசடிகளில் வியப்பானது ஒன்று உண்டு. 2024இல் நடந்தவற்றுள் பத்தில் எட்டுக்கு மேற்பட்டவற்றில், பணத்தை அனுப்பியவர் ஏமாந்தவரே ஆவார். கள்வன் பூட்டை உடைக்கவில்லை. வீட்டுக்காரரே கதவைத் திறந்து, பெட்டியையும் எடுத்துக் கொடுத்தார். எப்படி? அச்சத்தாலும் ஆசையாலும்.

அச்சத்திற்கு ஓர் எடுத்துக்காட்டு. "நான் காவல் அதிகாரி பேசுகிறேன்; உங்கள் பெயரில் வழக்கு உள்ளது; பணத்தைப் பாதுகாப்பான கணக்குக்கு மாற்றுங்கள்" என்று அழைப்பு வரும். அரசு அதிகாரிபோல் நடிக்கும் இம்மோசடியில் மட்டும் 2024இல் சிங்கப்பூரில் 1,504 பேர் சிக்கினர். இழந்தது 15 கோடி வெள்ளிக்கு மேல். உண்மையான அதிகாரி எவரும் தொலைபேசியிற் பணத்தை மாற்றச் சொல்லமாட்டார். இதனை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

நம்பிக்கையையே ஆயுதமாக்கியதற்கு மற்றோர் எடுத்துக்காட்டு. 2021 டிசம்பரில், ஓசிபிசி வங்கியின் பெயரைப் போலியாகப் பயன்படுத்திக் கள்வர் குறுஞ்செய்திகளை அனுப்பினர். வங்கி வழக்கமாக அனுப்பும் செய்திகளின் வரிசையிலேயே அவையும் தோன்றின. அதிலிருந்த இணைப்பைத் தொட்டு, மறைச்சொல்லைப் பதிந்த ஏறத்தாழ 790 வாடிக்கையாளர் 1 கோடியே 37 லட்சம் வெள்ளியை இழந்தனர். வங்கி பின்னர் நல்லெண்ண முறையில் அத்தொகையை ஈடுசெய்தது. அதன்பின், வாடிக்கையாளருக்கு அனுப்பும் குறுஞ்செய்தியிலும் மின்னஞ்சலிலும் தொடும் இணைப்புகளை வங்கிகள் நீக்கின. ஆனால் எல்லா இழப்பும் திரும்பி வருவதில்லை. பெரும்பாலானவை திரும்பி வாரா.

ஆசைக்கு எடுத்துக்காட்டுகள் பல. வீட்டிலிருந்தே நாளுக்கு முந்நூறு வெள்ளி சம்பாதிக்கலாம் என்னும் வேலை. ஒரு மாதத்தில் இரட்டிப்பாகும் முதலீடு. முன்பணம் கட்டினாற் கிடைக்கும் கடன். பேராசை பெருநட்டம் என்று நம் முன்னோர் சொன்னது வீணன்று. வேறொரு வலையும் உண்டு. "உன் வங்கிக் கணக்கையும் அட்டையையும் ஒரு மாதம் தா, இருநூறு வெள்ளி தருகிறேன்" என்று சிலர் வெளிநாட்டுத் தொழிலாளர்களையும் நம் இளைஞர்களையும் அணுகுகின்றனர். அக்கணக்கின் வழியே பிறரிடம் பறித்த பணம் ஓடும். கணக்கைக் கொடுத்தவரும் இரு நாடுகளிலும் குற்றவாளியாவார். இருநூறு வெள்ளிக்காகச் சிறை செல்லலாமா?

முதியோர் மட்டுமே ஏமாறுவர் என்று இளைஞர் இறுமாந்திருத்தல் வேண்டா. சிங்கப்பூரில் ஏமாந்தோருட் பெரும்பாலோர் ஐம்பது வயதுக்குக் குறைந்தவரே. ஆனால் முதியவர் ஒருவர் இழக்கும் தொகைதான் மிகப் பெரிது. இளையவர் இழப்பது ஒரு மாதச் சம்பளம். முதியவர் இழப்பது ஒரு வாழ்நாட் சேமிப்பு.

நம் தோட்டத்தில் நடந்தது

இவ்வளவும் கடலுக்கு அப்பால் நடந்த கதைகள் என்று எண்ணாதீர்கள். நம் தோட்டத்திலேயே நடந்த ஒன்றை, உரியவரின் இசைவோடு, பெயர் கூறாமல் இங்கு எழுதுகின்றோம்.

முப்பத்தைந்து ஆண்டுகள் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். அவர் கையில் இருந்தது சேமநிதிப் பணம், நாற்பத்தோராயிரம் ரிங்கிட். ஒரு நாட் காலை, காவல் அதிகாரி என்று சொல்லிக்கொண்டு ஒருவன் அழைத்தான். அவர் பெயரில் யாரோ போதைப்பொருள் கடத்தியிருப்பதாகவும், பணத்தைச் "சோதனைக்காக" மாற்ற வேண்டும் என்றும், இது இரகசிய விசாரணை ஆதலின் மனைவி மக்களிடமும் வாய் திறக்கக்கூடாது என்றும் கூறினான். பெரியவர் நடுங்கிப்போனார். வாழ்நாளில் ஒருமுறைகூடக் காவல் நிலையத்தின் படி ஏறாதவர் அவர்.

அந்த ஒரு வாரத்தில் மூன்று முறை, சலவைச் சட்டை அணிந்து, கையிற் பிளாஸ்டிக் பையுடன், நம் பள்ளி வாயிலைக் கடந்து அவர் பட்டணத்துப் பேருந்துக்குச் சென்றார். மூன்று முறையும் நாம் வாயிலில் நின்றோம். "நலமா ஐயா?" என்று கேட்டோம். "நலந்தான் சார்" என்றார். முகம் வாடியிருந்தது. கண்டோம், ஆனால் கேட்கவில்லை. மூன்றாம் முறையாவது, "வாருங்கள், ஒரு தேநீர் அருந்திவிட்டுப் போகலாம், என்ன செய்தி?" என்று கேட்டிருந்தால், ஒரு பகுதியேனும் மிஞ்சியிருக்கும். இன்றும் அவ்வாயிலில் நிற்கும்போது அந்நினைவு நம்மை உறுத்துகின்றது.

பதினொரு நாள் அவர் யாரிடமும் சொல்லவில்லை. முதலில் அச்சத்தால், பிறகு நாணத்தால். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகள் விடுமுறைக்கு வந்தபோதுதான் செய்தி வெளிவந்தது. அவள் தங்கியிருக்கும் அடுக்குமாடியின் மின்தூக்கிக்குப் பக்கத்தில் இதே சூழ்ச்சியை விளக்கும் தாள் ஒட்டப்பட்டிருந்ததாம். "அப்பா, நான் தினமும் அதைப் படித்தேனே, உங்களிடம் ஒருநாளும் சொல்லவில்லையே!" என்று அவள் அழுதாள். புகார் கொடுத்தனர். அதற்குள் பணம் பல கணக்குகளுக்குத் தாவிவிட்டது. ஒரு சென்னும் மீளவில்லை.

அப்பெரியவர் அறிவிலி அல்லர். ஏமாற்றியவன் கெட்டிக்காரன், அவ்வளவே. "பிள்ளைகள் படிக்கட்டும் சார், எழுதுங்கள்" என்று அவரே நம்மிடம் கூறினார். அவரைக் கண்டால் வணங்குங்கள், கேலி செய்யாதீர்கள். ஏமாந்தவரைக் கேலி செய்யும் ஊரில், அடுத்து ஏமாறுபவர் வாய் திறக்கமாட்டார். அந்த மௌனமே கள்வனுக்குக் கிடைக்கும் காலம்.

சொல்லும் பழக்கம்

இப்பொழுது மாணவன் கேட்ட வினாவுக்கு விடை தெளிவாகின்றது. எச்சரிக்கைத் தாள் சுவருக்காக ஒட்டப்படுவதன்று. ஒருவர் மற்றவரிடம் சொல்வதற்காக ஒட்டப்படுவது.

சிங்கப்பூரில் 2023ஆம் ஆண்டு தொடங்கிய மோசடித் தடுப்பு இயக்கம் மூன்று செயல்களை வற்புறுத்துகின்றது: பாதுகாப்பு அமைப்புகளைச் சேர்த்துக்கொள், சரிபார், பிறரிடம் சொல். ஐயம் எழுந்தால் அங்கு 1799 என்னும் எண்ணை அழைத்துக் கேட்கலாம். ஸ்கேம்ஷீல்டு என்னும் செயலி சந்தேகத்திற்குரிய அழைப்பையும் செய்தியையும் சோதிக்க உதவுகின்றது. 2024 சூலை முதல், அரசாங்கக் குறுஞ்செய்திகளுக்கு ஒரே பொதுப் பெயர் வழங்கப்பட்டது. 2025 சூலையில் நடப்புக்கு வந்த சட்டத்தின்படி, ஏமாற்றப்படுகின்றவர் அதனை நம்ப மறுத்தாலும், அவருடைய வங்கிப் பணம் வெளியேறுவதைச் சிலகாலம் நிறுத்தி வைக்கக் காவல்துறை ஆணையிட இயலும். மலேசியாவில் 2022 அக்டோபரில் தேசிய மோசடி நடவடிக்கை மையம் தொடங்கப்பட்டது. அதன் எண் 997. பணம் போய்விட்டது என்று அறிந்த அந்த நொடியே வங்கியையும் 997ஐயும் அழைத்தல் வேண்டும். கள்வன் கைக்குப் போகுமுன் கணக்கை முடக்கினாற்றான் பணம் மீளும். மணிக்கணக்கில் தாமதித்தாலும் வழி அடைபடும்.

வள்ளுவப் பெருந்தகை கள்ளாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். தெரிந்து தெளிதலுக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். திருடாதிருத்தல் ஒரு கடமை. ஆராய்ந்து நம்புதல் மற்றொரு கடமை. நாம் பிள்ளைகளுக்கு முன்னதைக் கற்பித்தோம். பின்னதைக் கற்பிக்க மறந்தோம்.

முடிவுரை

வீட்டுக்கு வரும் கள்வனும் கைப்பேசிக்கு வரும் கள்வனும் ஒன்றையே விரும்புகின்றனர். அது நம் தனிமை. முன்னவன் யாரும் பாராத வீட்டைத் தேடுகின்றான். பின்னவன், "யாரிடமும் சொல்லாதே" என்கின்றான். ஆதலின் "யாரிடமும் சொல்லாதே" என்று அந்நியன் ஒருவன் கூறினால், அதுவே நாம் எல்லாரிடமும் சொல்ல வேண்டிய நேரம்.

சிங்கப்பூர் தன் கம்பங்களை இழந்தபின், பெரும் பொருட்செலவில் அண்டையரை மீண்டும் அண்டையராக்க முயன்றது. நம் வரிசை வீடுகளிலோ ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் பத்து வீட்டில் தும்முகின்றோம். அத்துணை நெருக்கம் நமக்கு இன்னும் இருக்கின்றது. அதனை வம்பு பேசுவதற்கு மட்டுமன்றி, ஒருவரையொருவர் காப்பதற்கும் பயன்படுத்துவோம். பக்கத்து வீட்டாரின் முகம் வாடியிருந்தால், "நலமா?" என்று கேட்டு நகர்ந்துவிடாமல், நின்று கேட்போம்.

நினைவிற் கொள்க

1. வெளியூர் செல்லுமுன் பக்கத்து வீட்டாரிடம் சொல்லிச் செல்க.
2. தொலைபேசியிற் பணம் மாற்றச் சொல்பவர் உண்மை அதிகாரி அல்லர். அழைப்பைத் துண்டித்து, அந்த அலுவலகத்தின் எண்ணை நீங்களே தேடி அழைத்துச் சரிபார்க்க.
3. வங்கி அட்டை, மறைச்சொல், ஒருமுறைக் குறியீட்டெண் ஆகியவற்றை எவரிடமும் தாராதீர்.
4. குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொடாதீர்.
5. உறவினர் குரலிற் பணம் கேட்டாலும் ஐயுறுக. இந்நாளில் கணினியாற் குரலையும் போலச் செய்யலாம். குடும்பத்தார் மட்டும் அறிந்த குறிச்சொல் ஒன்றை இன்றே முடிவு செய்க.
6. ஏமாந்தால் நாணற்க, உடனே சொல்க. அவசரத்திற்கு 999, மோசடிக்கு மலேசியாவில் 997, சிங்கப்பூரில் ஐயம் தெளிய 1799.

பயிற்சி

அ. கோபன் என்பது யாது? சிங்கப்பூரின் முதல் அக்கம்பக்கக் காவல் சாவடி எங்கு, எவ்வாண்டு திறக்கப்பட்டது?
ஆ. கம்பத்துப் பாட்டியின் கேள்வி எவ்வாறு காவலாயிற்று? ஐந்து வரிகளில் எழுதுக.
இ. 51,501 மோசடிகள் 366 நாட்களில் நடந்தன. நாள் ஒன்றுக்குச் சராசரி எத்தனை?
ஈ. ஏமாந்தவரைக் கேலி செய்வது ஏன் தவறு?
உ. இன்று மாலை, வீட்டில் உள்ள தாத்தா அல்லது பாட்டிக்கு அருகில் அமர்ந்து இக்கட்டுரையை உரக்கப் படித்துக் காட்டுக. அவர்களுக்கு அண்மையில் வந்த அழைப்புகளைப் பற்றிக் கேட்டு வந்து வகுப்பிற் கூறுக.

இறுதிப் பயிற்சிக்கு மதிப்பெண் இல்லை. ஆயினும் அதனை முதலிற் செய்யுமாறு வேண்டுகின்றோம்.

— தலைமையாசிரியர்